கவர் கடைக்காரர் பூட்டிய கம்ப்யூட்டர்

என் அக்காவின் கணவர் பயப்படாத சாமான் ஒன்று உண்டென்றால் அது ஊசி மட்டும்தான். தையல் மெஷின் ஊசி ஒருமுறை கட்டைவிரலைத் துளைத்து மறுபக்கம் வந்தபோது, "நல்லவேளை, துணியில ரத்தம் படல" என்று சொன்னவர். மற்ற எல்லாவற்றுக்கும் பயம்தான். லிஃப்ட், கேஸ் சிலிண்டர், ஈரக்கையோடு சுவிட்ச் போடுகிறவர்கள், தலைமாட்டில் சார்ஜ் ஏறும் செல்போன். வீட்டில் மின்சாரத்தில் ஓடுகிற எதைக் கடந்து போனாலும் நின்று, புறங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் போவார். ஃப்ரிட்ஜுக்குக்கூடப் பார்ப்பார். "அது குளிரத்தானே செய்யும் அத்தான்?" என்று கேட்டால், "பின்பக்கம் சுடும், உனக்கென்ன தெரியும்" என்பார்.

தொழில், உறை தைப்பது. கார் சீட், பைக் சீட், சோபா, மெத்தை, வாஷிங் மெஷின் என்று எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் டேப்பை ஒருதரம் சுற்றுவார். சுருக்கமில்லாமல் உட்காருகிற உறை வந்துவிடும். கடைத்தெருவில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'கவர் கடைக்காரர்' என்றால் வழி காட்டுவார்கள். தொழில் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னொரு உறை. புதுச் சாமான்மேல் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்புகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பிரிப்பது அந்த வீட்டில் கொலைக்குற்றம். ஃப்ரிட்ஜ் கதவில், ரிமோட்டில், இஸ்திரிப்பெட்டியின் கைப்பிடியில் எல்லாம் அது அப்படியே இருக்கும். அக்கா கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரத்தின் முகத்தில் இன்றைக்கும் இருக்கிறது. மணி பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் சாய்ந்து நிற்கவேண்டும்.

"பிரிச்சாப் பழசாயிடும்" என்பது அவர் கட்சி. நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. என் கடையிலேயே வாங்கிய கண்ணாடியை, கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டின லென்ஸோடு ஒரு வாரம் மாட்டிக்கொண்டு திரிந்த மனிதர் இவர். மானம் போகிறதே என்று, அவர் அசந்திருந்த நேரத்தில் நான்தான் உரித்தேன். அதற்கு இன்றுவரை முணுமுணுப்பு உண்டு.

இப்படிப்பட்டவருக்கு ஒரே பெண். படிப்பு முடித்து வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறாள், ஆனாலும் வீட்டில் இன்னும் 'பாப்பா'தான். கல்லூரிக்கு அவளுக்கு வெளியூரில் நல்ல இடம் கிடைத்தது. அத்தான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார், இரவெல்லாம் கூடத்தில் நடந்தார், பஸ் கவிழ்ந்த செய்தியாகப் பார்த்து சத்தமாக வாசித்தார். கடைசியில் பாப்பாவே, "சரிப்பா, பக்கத்துத் தெருக் காலேஜ்லயே சேந்துக்கறேன்" என்றாள். சண்டை போடவில்லை. அதற்கப்புறம் அவள் அவரிடம் எதையும் கேட்பதில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள் அப்படித்தான். எனக்கு அத்தான்மேல் அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது.

அவள் வளர்த்துக்கொண்டது ஒன்றே ஒன்று, கம்ப்யூட்டர் விளையாட்டு. ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர். கடைத்தெரு முனையில் கம்ப்யூட்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கூடம் ஒன்று உண்டு. வேலை முடிந்து அங்கே போய் ஆடிவிட்டு இருட்டின பிறகு வருவாள். அதுவரைக்கும் அத்தான் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடப்பார். ஒருநாள் அவரே வாயைத் திறந்து, "ஒரு கம்ப்யூட்டர் வீட்லயே வாங்கிப் போட்டுடலாம். கண்ணு முன்னாடி இருந்து விளையாடட்டும்" என்றார். பாப்பா பல வருஷத்துக்கு அப்புறம் அவரைக் கட்டிக்கொண்டாள்.

வாங்குவதென்று முடிவான அன்றைக்குப் பிடித்தது சனி. உறுப்பு உறுப்பாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வதாக ஏற்பாடு. மற்ற உறுப்புகளை எல்லாம் பாப்பா ஒரே மாலையில் தேர்ந்தெடுத்துவிட்டாள். கரண்டும் சூடும் சம்பந்தப்பட்ட இரண்டை மட்டும் அத்தான் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஒன்று பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் கரண்டை உள்ளே ஒவ்வொரு உறுப்புக்கும் வேண்டிய அளவில் பிரித்துத் தருகிற இரும்புப்பெட்டி. இன்னொன்று கூலர். மூளையாக வேலை செய்யும் சில்லின் மேல் உட்கார்ந்து, அதன் சூட்டை உறிஞ்சித் தகடுகளுக்கு ஏற்றி, விசிறியால் வெளியே தள்ளுகிற சாமான்.

"அறுநூத்தம்பது வாட் தாராளம்ப்பா. எல்லாம் சேந்து முழு வேகத்துல ஓடினாலும் நானூறச் சுத்திதான் இழுக்கும்" என்றாள் பாப்பா.

"துணி வெட்டும்போது அளவுக்குச் சரியாவா வெட்டறோம்? தையலுக்கு ஓரம் விடறோம்ல? கரண்டுக்கும் ஓரம் விடணும்" என்று எண்ணூற்றைம்பதுக்குப் போனார். அதோடு விட்டாரா? கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய், சான்று பார்த்தார், எடை பார்த்தார், லோடு கூடினால் தானாக அணையுமா என்று கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். கடைசியாக, "வெடிச்சா எந்தப் பக்கம் வெடிக்கும்?" என்று கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கூலர் இன்னும் மோசம். கடைக்காரர் தண்ணீர் ஓடுகிற கூலர் ஒன்றைக் காட்டினார். "கரண்டு இருக்கற எடத்துல தண்ணியா? கொல்லப் பாக்கறீங்களா?" என்று இரண்டடி பின்னால் போனார் அத்தான். காற்றில் ஆறுகிற கூலர்களில் பெரியது எதுவோ அதை எடுக்கச் சொன்னார். கோபுரம் மாதிரி ஒன்று வந்தது. கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப்பை எடுத்து அதன் உயரத்தையும், எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுகிற கேபினட் பெட்டியின் உள்ளகலத்தையும் அளந்தார். பக்கக் கதவு மூடும், ஒரு விரல்கடை மிச்சமிருக்கும் என்றார். அதெல்லாம் துல்லியமாகத்தான் இருந்தது. அந்த மனிதரின் டேப் பொய் சொல்லாது.

இடையில் ஒரு விஷயம் வெளியே வந்தது. சாமானுக்கெல்லாம் சொல்லிவைத்த பிறகுதான் பாப்பா சொன்னாள், ஒரு பெரிய அணி புது ஆள் எடுக்கிறது, சனிக்கிழமை மாலை நாலு மணிக்குத் தேர்வாட்டம், வாடகைக் கூடத்தில் ஆடக்கூடாது, சொந்த மெஷினில் கேமரா முன்னால் ஆடவேண்டும் என்று. தேர்வாகிவிட்டால் சம்பளம் உண்டு. ஆனால் வேறு ஊரில், அணி வீட்டில் போய்த் தங்கவேண்டும்.

 அத்தான் புறங்கையை டிவி மேல் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளவில்லை, பஸ் கவிழ்ந்த செய்தி எதையும் படிக்கவில்லை. அந்த 'சரிம்மா'வை நான் நம்பவில்லை. பாப்பாவும் நம்பவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

அந்த வாரம் சாமான் எல்லாம் வந்து சேர்ந்தது. பூட்டுவதற்கு பாப்பா உட்கார்ந்தபோது, "நீ தொடாத, ஷாக் அடிக்கும்" என்று அவளை எழுப்பிவிட்டு அத்தானே உட்கார்ந்தார். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பூட்டினார். ஒயர்களைத் தையல் நூலால் கட்டி ஒழுங்குபடுத்தியிருந்த அழகைப் பார்த்தால் பிரித்துப் பார்க்க யாருக்கும் மனசு வராது. சுவிட்சைப் போட்டதும் ஓடியது. பாப்பா கை தட்டினாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விளையாட்டைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பொசுக்கென்று அணைந்துவிட்டது.

"பவர் சப்ளை!" என்று அத்தான் நெஞ்சில் கை வைத்தார். தான் தேர்ந்தெடுத்தது காலை வாரிவிட்டது என்று அவர் முகம் வெளுத்துப்போனது. பாப்பா மறுபடி போட்டு, திரை ஓரத்தில் சூடு காட்டுகிற எண்ணை வரவழைத்தாள். ஆட்டம் தொடங்கியதும் எண் விறுவிறுவென்று ஏறி, நூறு டிகிரியைத் தொட்டது. அணைந்தது.

"பவர் சப்ளை இல்லப்பா. சில்லு கொதிக்குது. கூலர்தான் ஏதோ சரியில்ல."

அத்தான் புறங்கையைக் கொண்டுபோய்க் கூலரின் தகடுகளில் வைத்தார். வைத்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தேவிட்டார். "ஜில்லுன்னு இருக்கும்மா! சூடே இல்ல. கம்ப்யூட்டர்தான் பொய் சொல்லுது."

"இனிமே இதத் தொடாதீங்கப்பா!" என்று கத்தினாள் பாப்பா. அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு ஃபோன் போட்டார்கள். சில்லுக்கும் கூலருக்கும் நடுவில், சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் தடவினீர்களா? தடவினோம். திருகு இறுக்கமா? இறுக்கம். விசிறி சுற்றுகிறதா? சுற்றுகிறது. அப்படியானால் இன்னொரு விசிறி போடுங்கள் என்றார். போட்டார்கள். மேஜை விசிறியைப் பக்கத்தில் வைத்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள். எண் நூறுக்குப் போவதும் மெஷின் அணைவதும் நிற்கவில்லை. "கழட்டிப் பாக்கட்டுமா?" என்று பாப்பா கேட்டபோதெல்லாம், "நான் ஒழுங்காத்தான் பூட்டியிருக்கேன். கழட்டினா உள்ளதும் போயிடும்" என்று அத்தான் குறுக்கே நின்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி பாப்பா சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்தது இந்த முறை அவள்.

"உங்க அத்தான் முகத்தப் பாத்தியா? கவலையா இருக்காரா, நிம்மதியா இருக்காரான்னே தெரியலடி" என்று அக்கா மாடிப்படியில் வைத்து என் காதில் கிசுகிசுத்தாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதை அக்காவிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை எனக்கு அரைநாள்தான் வேலை. அத்தான் காலையில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார் என்று அக்கா சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்து என்னைக் கடைக்கு அனுப்பினாள். நான் போனபோது சாப்பாடு டெலிவரி செய்கிற பெண் ஒருத்தி கடையில் நின்றுகொண்டிருந்தாள். வண்டிப் பெட்டிக்குள் வைக்க, உள்ளே பஞ்சு வைத்த பை ஒன்று அவரிடம் தைத்து வாங்கியிருந்தாளாம். இன்னொன்று வேண்டும் என்று வந்திருந்தாள்.

"அண்ணே, சூப்பரா இருக்குண்ணே உங்க பை. உள்ள கொதிக்கக் கொதிக்க வெச்சாலும் வெளிய தொட்டா ஜில்லுன்னு இருக்கு. சூடு ஒரு பொட்டு வெளிய வரலையே!"

அத்தான் டேப்பை நீட்டிப் பிடித்தபடி நின்றார். நின்றவர் நின்றவர்தான். அந்தப் பெண் அளவு சொன்னாள், அவர் காதில் விழவில்லை. அவளே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"என்ன அத்தான், உடம்புக்கு முடியலையா?"

 டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தார். மெஷினில் போய் உட்கார்ந்து, பாதியில் கிடந்த கார் சீட் உறையை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே பிள்ளை மெஷின் முன்னால் அழாத குறையாக உட்கார்ந்திருக்கிறாள், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஃபோன் போடுகிற மனிதர், ஃபோனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தைக்கிறார். பக்கவாட்டை மூட்டினார். தலைப்பகுதியை மூட்டினார். ஓரத்துக்கு நாடா வைத்தார். அதைவிட நிதானமாக அவர் தைத்து நான் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "மணி ரெண்டரை ஆச்சு அத்தான், பாப்பாவுக்கு நாலு மணிக்கு..." என்றேன். "தெரியும்" என்றார்.

உறை முடிந்தது. கடைசி நூலைக் கத்தரித்தார். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் திடீரென்று கத்தரியைக் கீழே போட்டார், கடையை என் தலையில் கட்டிவிட்டு செருப்புகூடப் போடாமல் ஓடினார். நான் ஷட்டரை இழுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். அந்த வயதில் அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ, தெருமுனை வரைக்கும் என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

வீட்டில் பாப்பா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தாள். அக்கா பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அத்தான் வாசல்படியிலேயே நின்று மூச்சு வாங்கினார்.

"கவரப் பிரிக்கலம்மா."

பாப்பா தலையைத் தூக்கினாள். "எந்தக் கவர?"

"கூலருக்கு அடியில. சில்லு மேல உக்கார்ற எடம் பளபளன்னு இருக்கும்ல, அதுல கண்ணாடி மாதிரி ஒரு தாள் ஒட்டியிருந்தான். கீறல் விழாம இருக்கட்டுமேன்னு அத அப்படியே வெச்சு, அதுமேலதான் பேஸ்டத் தடவிப் பூட்டினேன். சூடு மேல ஏறவே இல்ல. அதான் நான் தொட்டப்ப ஜில்லுன்னு இருந்துச்சு."

எனக்கு அந்த நிமிஷம் சிரிப்புதான் வந்தது. ஃப்ரிட்ஜ், ரிமோட், கடிகாரம் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. எத்தனை கேள்வி கேட்டார் கம்ப்யூட்டர் கடைக்காரர், கவரைப் பிரித்தீர்களா என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. அவருக்கு இந்த வீட்டைத் தெரியாது. சிரிக்க வாயெடுத்தவள் பாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"வேணும்னே செஞ்சீங்களாப்பா?"

"என்னடி கேள்வி இது? பெத்த அப்பாவப் பாத்து!" என்று அக்கா பாய்ந்தாள். அத்தான் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"பூட்டும்போது வேணும்னு செய்யலம்மா. நல்லதுன்னு நெனச்சுத்தான் வெச்சேன். ஆனா இன்னிக்குக் கடையில எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறம் ஒரு சீட் கவர் தைக்கிற நேரம் இருக்கே, அது வேணும்னேதான். சொல்லாம விட்டா நீ இங்கயே இருந்துடுவேன்னு உக்காந்து தெச்சேன். முழுசாத் தெச்சேன்."

சொல்லிவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டார், பள்ளிக்கூடத்தில் அடி வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி. அவர் அப்படி உண்மையைப் பிட்டுவைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தெரிந்தது, ஓடி வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நானே அதற்குச் சாட்சி சொல்லியிருப்பேன். பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கோபமா, வேறு ஏதாவதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அவள் பிளக்கைப் பிடுங்கினாள். திருப்புளியை எடுத்தாள். "டார்ச் புடிங்கப்பா" என்றாள். ஷாக் அடிக்கும், தொடாதே என்று அவர் சொல்லவில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். 

நூல் கட்டுகளை அறுத்து, விசிறியைக் கழற்றி, திருகுகளைத் தளர்த்திக் கூலரைத் தூக்கித் திருப்பினாள். பிசுபிசுத்த பேஸ்டுக்கு அடியில் தாள் அப்படியே இருந்தது. ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கைகூட அச்சடித்திருந்தான் பாவி. பாப்பா அதை அத்தான் முன்னால் நீட்டினாள். "நீங்களே பிரிங்க."

தையல் பிரித்துப் பழகிய நகம் ஓரத்தைச் சட்டென்று பிடித்துவிட்டது. ஆனால் இழுக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த வீட்டில் அவர் கையால் பிரிந்த முதல் தாள் அதுதான். பாப்பா தகட்டைத் துடைத்தாள், ட்யூபில் மிச்சமிருந்த பேஸ்டைத் தடவினாள், தானே பூட்டினாள். பக்கக் கதவைப் போட நேரமில்லை. சுவிட்சைப் போட்டு, விளையாட்டைத் திறந்து ஒத்திகைக்கு விட்டாள்.

நாங்கள் எல்லாரும் அந்த எண்ணையே பார்த்தோம். ஏறியது. அக்கா என் கையைப் பிடித்து நெரித்தாள். அறுபதைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. ஒத்திகை முடிகிறவரைக்கும் அதற்குமேல் போகவில்லை. நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். எண் அதற்குமேல் ஏறவில்லை என்று கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்தபடியே வாடியது. அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவோரமாக, மெஷினை விட்டுத் தள்ளி நின்றார்.

"அப்பா, இங்க வாங்க. தொட்டுப் பாருங்க."

அவர் நம்பாமல் அவளைப் பார்த்தார். தயங்கி வந்து, விசிறி படாமல், கூலரின் உச்சியில் புறங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "சுடுதும்மா!"

"சுடணும்ப்பா. உள்ள இருக்கற சூடு இப்பத்தான் வெளிய வருது. அதுக்கு வேலையே அதான்."

அவர் மறுபடி கையை வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை. எவ்வளவு நாளாக எல்லாச் சாமானும் சுடாமல் இருக்கிறதா என்றே தொட்டுப் பார்த்து வந்தவர். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

நாலு மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அணிக்காரர்கள் கூப்பிடும் மணி கம்ப்யூட்டரில் ஒலித்தது. பாப்பா ஹெட்ஃபோனை எடுத்து மாட்டினாள்.

"போயிட்டு வாம்மா" என்றார் அத்தான்.

அவள் எங்கேயும் போகவில்லை. அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. தேர்வாவாளா மாட்டாளா என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஆனாலும் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாப்பா ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து விலக்கி, திரும்பி அவரைப் பார்த்தாள்.

"போயிட்டு வரேன்ப்பா."